வருகை நோட்டில் ‘வடக்கன் 4’

மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். சேர்ந்த முதல் வாரம் ஆள் வருகை நோட்டைப் புரட்டினேன். நம்ம ஊர் ஆட்களுக்குப் பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே வடக்கன் 1, வடக்கன் 2 என்று 11 வரைக்கும் வெறும் நம்பர். மேஸ்திரிக்கு அது சுலபம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா சிங்கப்பூரில் 9 வருஷம் கட்டட வேலை பார்த்தவர். லீவில் வந்து கோடாலித் தைலத்தைச் சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது சொல்வார்: “அங்க எம்பேரு யாருக்குத் தெரியும்? ஹெல்மெட் நம்பர்தான் பேரு.” டெல்டாவில் ஆள் வெளிநாடு போகாத தெரு ஏது? இந்த வலி நமக்குப் புதுசா?

‘இந்திக்காரன்’ என்கிறோமே, எங்கள் மில்லில் இருப்பவர்கள் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத், மால்டாக்காரர்கள். வீட்டில் பேசுவது வங்காளம். இந்தி அவர்களும் கற்றுக்கொண்டதுதான்.

அவர்களில் ஒருத்தர் நெல் காயும் களத்தில் என்னிடம், “சாப்டீங்களாண்ணா?” என்றார். சுற்றியிருந்தவர்கள் விடவில்லை. “இன்னொரு தடவ சொல்லு” என்று மூன்று தடவை சொல்ல வைத்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்புறம் ஒரு மாசம் அவர் வாயில் தமிழ் வரவில்லை. நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அது தப்பு.

இப்படி அன்றாடம் விழும் சின்னக் குத்தல்களுக்கு 1970-லேயே மைக்ரோஅக்ரஷன் என்று பேர் வைத்தார் செஸ்டர் பியர்ஸ். அமெரிக்காவின் கறுப்பின மனநல மருத்துவர். தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும், சேரும்போதுதான் ஆளைத் தின்னும் என்றார். ‘தமாஷுக்குத்தானே’ என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நமக்கு அது ஒரு தடவை, அவருக்கு அன்றைக்கு அது பத்தாவது தடவை.

வெறும் மனசு சம்பந்தப்பட்டதும் இல்லை. பாய்லர் பக்கம் கையைச் சுட்டுக்கொண்டால் ‘வடக்கன் 4’ பேரில் ஈஎஸ்ஐ கேட்க முடியுமா? முதலாளியிடம் இதைத்தான் சொன்னேன். சரி என்றார். ஆதார் அட்டைகளை வாங்கிப் பேர்களை எழுதினேன். உச்சரிப்பை அவர்களிடமே கேட்டேன். இரண்டு பேர் திருத்தினார்கள்.

லோடு சீட்டில் மேஸ்திரி இன்னும் சில நாள் ‘வடக்கன்’ என்றே எழுதுகிறார். நான் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டு பேரை எழுதித் தருகிறார்.