வால் தெரியாமல் விசையைத் தொடாதீர்கள்

அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தெற்கு டெக்சாஸ் முள்காடு. புதருக்குள் உள்ளங்கை அளவு புள்ளித்தோல் தெரிகிறது, உடனே ரைபிள் வெடிக்கிறது. பாப்கேட், அதாவது குட்டை வால் அமெரிக்கக் காட்டுப்பூனை, உள்ளே பாய்ந்து மறைகிறது. "பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புகிறார்கள். அதற்கு இத்தனை பாராட்டு!

வேட்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெக்சாஸில் லைசென்ஸ் இருந்தால் பாப்கேட்டை வருஷம் முழுக்கச் சுடலாம், எண்ணிக்கை வரம்பும் கிடையாது. ஆனால் முழு உடம்பும் வாலும் கண்ணில் படாமல் விசையைத் தொடக்கூடாது.

"சின்னக் கிளை குண்டை என்ன செய்துவிடும்?" என்று கேட்பார்கள். அங்கே நிற்பது மெஸ்கீட், நம்ம சீமைக்கருவேலத்தின் இனம். விரல் தடிமன் கிளை போதும், .223 ரைபிளின் மெல்லிய குண்டு உடைந்து சிதறும், இல்லை திசை மாறும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் ஏறும். கனமான குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும் என்பதும் வெறும் நம்பிக்கை, அதுவும் விலகும். அடர்புதருக்கு, ஒரே வெடியில் பல சின்னக் குண்டுகளைப் பாய்ச்சும் 12 கேஜ் ஷாட்கன்தான் சரி. 3 அங்குலத் தோட்டா, நாலாம் நம்பர் பக்‌ஷாட், உள்ளே 41 குண்டுகள், அவை சீக்கிரம் கலையாதபடி குழல்வாயைக் குறுக்கும் இறுக்கமான சோக். அதுவும் 35 கெஜத்துக்குள், கிளை குறுக்கே இல்லாத இடைவெளியில். குண்டுகள் எந்தத் தூரத்தில் கலைகின்றன என்று முதலிலேயே காகிதத்தில் சுட்டுப் பார்த்துவிட வேண்டும்.

"அதுவரை பூனை வெளியே வருமா?" வரும். கயோட்டி என்ற ஓநாய் இன விலங்கு ஓடி வரும், பாப்கேட் பதுங்கி, உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துத்தான் வரும். முக்கால் மணி நேரம் அசையாமல் இருங்கள். பூனையை இழுக்க ஒலிப்பெட்டியில் போடும் முயல் கதறல் நடுவில் நிற்கக்கூடாது, நின்றால் அதற்கு ஆர்வம் போய்விடும். ஒலிப்பெட்டியை 20 கெஜம் தள்ளித் திறந்த இடத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு குச்சியில் நூல் கட்டி இறகு ஒன்றை ஆடவிடுங்கள். பூனையின் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். முழு உடம்பும் அப்போது தெரியும், வாலும் தெரியும்.

வாலை ஏன் இத்தனை முறை சொல்கிறேன்? தெற்கு டெக்சாஸின் கேமரன், வில்லஸி மாவட்டங்களில் ஓசிலாட் என்ற அரிய புள்ளிக் காட்டுப்பூனை வாழ்கிறது. அமெரிக்காவில் மிஞ்சியிருப்பவை நூறுக்கும் குறைவு. அதைக் கொல்வது மத்திய சட்டப்படி குற்றம். அதே முள்காடு, அதே புள்ளி, காதுக்குப் பின்னால் அதே வெள்ளைப் பொட்டு. பாப்கேட் வால் ஒரு சாண்கூட வராது, நுனியில் மேலே கருப்பு, அடியில் வெள்ளை. ஓசிலாட் வால் நீளம், வளையம் வளையமாக இருக்கும். அந்த வீடியோவில் வால் எங்கே தெரிந்தது? தெரிந்ததாகச் சொல்கிறவர்கள் நிறுத்திப் பார்க்கட்டும்.

அடுத்தது தேடாமல் போனது. சுட்டதும் பூனை நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, 20 நிமிஷம் பொறுத்துப் போய்த் தேட வேண்டும். ரத்தம் மயிரிலேயே ஊறிவிடும், தரையில் சொட்டு இல்லை என்பதால் படவில்லை என்று ஆகாது.

"கொல்லப்போகிறவனுக்கு என்ன கருணை?" என்று ஒருவர் எழுதியிருந்தார். கொல்லப்போகிறவனுக்குத்தான் ஐயா அது முதலில் வேண்டும்! கலிபோர்னியாவில் 2020-இல் பாப்கேட் வேட்டைக்கே தடை வந்துவிட்டது. டெக்சாஸிலும் வந்தால், மணிக்கணக்கில் முள்ளுக்குள் அசையாமல் உட்கார்ந்தவனையும் சேர்த்துத்தான் அது தடுக்கும். பாராட்டியவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு இனி நான் வேட்டைக்குப் போவதாக இல்லை.