விக்டோரியா ராணியின் திருமண லேஸ் பெல்ஜியத்தில் பின்னப்பட்டதா?

1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா ராணி அணிந்த திருமண லேஸ் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தது என்று பகிரப்படும் தகவல் தவறு. அது இங்கிலாந்தின் டெவன் கடலோரக் கிராமமான பீரிலும் சுற்றுவட்டாரத்திலும் பெண்கள் கையால் பின்னிய ஹானிட்டன் லேஸ்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. பிரஸ்ஸல்ஸ் லேஸ், ஹானிட்டன் லேஸ் இரண்டிலும் பூ, இலை, கொடி எல்லாம் தனித்தனியாகவே உருவாகும். திண்டில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மெல்லிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். பிறகு வலைத்துணியில் வைத்துத் தைப்பார்கள்.

ராணி யோசித்துத்தான் உள்நாட்டு லேஸைக் கேட்டார். கையால் பின்னிய வலைத்துணியை இயந்திரத்திலேயே செய்யும் ஜான் ஹீத்கோட்டின் கண்டுபிடிப்பு வந்தபின் அந்தப் பெண்களின் பிழைப்பு நொடித்துக்கொண்டிருந்தது. 200 பேர் அளவில் மாதக்கணக்கில் உழைத்த வேலையை வேறு நாட்டின் கணக்கில் எழுதுவது பெரிய அநியாயம். உடையின் பட்டுகூட லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நெய்ததுதான்.