அந்த வரைபடத்தில் நாம் எங்கே இருக்கிறோம்?

இரண்டு மூன்று நாட்களாக ஒரு பழைய வரைபடத்தை நண்பர்கள் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். 1940 தொடக்கத்தில், நியூயார்க்கில் இயங்கிய ஜெர்மன் தகவல் நூலகம் (நாஜி அரசின் பிரச்சார அமைப்பு) அச்சிட்டு அமெரிக்கர்களுக்கு அனுப்பியது. ஒரு பக்கம் ஜெர்மனி: 8.7 கோடிப் பேருக்கு 2,64,300 சதுர மைல். மறுபக்கம் பிரிட்டன்: 4.6 கோடிப் பேருக்கு, இந்தியா உட்பட அவர்கள் ஆண்ட நாடுகளையும் சேர்த்து, சுமார் 1.33 கோடி சதுர மைல். இதில் ஆக்கிரமிப்பாளர் யார் என்று ஒரு கேள்வி.

“அன்றைக்கே ஜெர்மனிக்காரன் வெள்ளைக்காரனைத் தோலுரித்துவிட்டான்” என்று மேலே எழுதிப் பகிர்கிறார்கள். எனக்கு இதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

பிரிட்டன் பற்றிய கணக்கில் மிகை இல்லை. உலக நிலத்தில் கால்வாசி அவர்களிடம்தான் இருந்தது. 1939 செப்டம்பர் 3 அன்று, இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். நம் நிலைமை அதுதான். எதிரி சொன்னான் என்பதற்காக அது பொய்யாகிவிடாது.

சரி, ஜெர்மனியின் எண்ணுக்கு வருவோம். 1937இல் அந்த நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,82,000 சதுர மைல். மூன்றே ஆண்டுகளில் மீதி 82,000 எங்கிருந்து வந்தது? ஆஸ்திரியா, செக் நிலம், போலந்து நிலம் மூன்றையும் கூட்டாமல் அந்தத் தொகை வராது. பாவம், எங்களிடம் இவ்வளவுதான் என்று காட்டும் எண்ணுக்குள்ளேயே பிடுங்கிய நிலம் இருக்கிறது. வார்சாவில் குண்டு போட்டு அரை வருடம்கூட ஆகாத நேரம் அது.

காலனி ஆட்சி கூடாது என்று அந்த வரைபடம் எங்கும் சொல்லவில்லை. அவனுக்கு இவ்வளவு, எனக்கு மட்டும் இவ்வளவுதானா என்றுதான் கேட்கிறது. 1919இல் வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜெர்மனி தன் காலனிகளை இழந்தது. அதற்கு முன் இன்றைய நமீபியாவில் என்ன செய்தார்கள்? 1904இல் ஹெரேரோ மக்களைப் பாலைவனத்துக்குள் துரத்தி, தண்ணீருக்குத் திரும்ப முடியாமல் மறித்துச் சாகவிட்டார்கள். நாமா மக்களையும் முகாம்களில் அடைத்துக் கொன்றார்கள். அந்த நிலத்தையும் திருப்பிக் கேட்டவர்கள்தான் நாஜிகள்.

வரைபடத்தின் நோக்கம் வேறு: அமெரிக்கா போரில் சேராமல் இருக்க வேண்டும், அதற்காக பிரிட்டன் மேல் அமெரிக்கர்களுக்கு வெறுப்பு வர வேண்டும். அந்த வேலைக்கு இந்தியாவைப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1941இல் ரூஸ்வெல்ட் அரசு அந்த நூலகத்தை மூடவைத்தது.

இந்தியர்கள் மேல் ஹிட்லருக்கு இருந்த அக்கறையைத் தெரிந்துகொள்ள 1937 நவம்பருக்குப் போங்கள். ஹாலிஃபாக்ஸ் பிரபு அவரைச் சந்திக்கிறார். காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் வருகிற அதே இர்வின்தான் இந்த ஹாலிஃபாக்ஸ். அவரிடம் ஹிட்லர் சொன்ன யோசனை: காந்தியைச் சுட்டுவிடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் காங்கிரஸ் தலைவர்களில் ஒரு டஜன் பேரைச் சுடுங்கள். உடனிருந்த பிரிட்டிஷ் அதிகாரி இதைப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த வரைபடத்தைப் பகிர்கிறவர்கள் தயவுசெய்து இதையும் சேர்த்துப் பகிருங்கள்.