1897-இல் லாரியில் டீசல் இயந்திரம் ஓடியதா?

டீசல் இயந்திரத்தை உருவாக்கிய ரூடால்ஃப் டீசல் 1897-இலேயே தம் இயந்திரத்தை லாரியில் பொருத்தி ஓட்டினார் என்று நண்பர் ஒருவர் தம் பதிவில் எழுதியிருப்பது சரியன்று. அவ்வாண்டு பிப்ரவரியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்தது தரையில் நிலையாகப் பொருத்தப்பட்ட, சுமார் 3 மீட்டர் உயரமுள்ள ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம்; எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை அது பயனுள்ள வேலையாக மாற்றியது, அந்தக் காலத்துக்கு அது பெரும் சாதனை.

ஆனால் அழுத்திய காற்றைக் கொண்டே எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதிச் செலுத்த வேண்டியிருந்ததால், கனமான காற்றழுத்தியும் உடன் தேவைப்பட்டது. அத்தனை எடையோடு, மெதுவாகச் சுழலும் இயந்திரத்தை லாரி எப்படிச் சுமக்கும்?

இச்சிக்கலுக்கு வழிகாட்டியது, பொறியாளர் ப்ராஸ்பர் லோராஞ் 1909-இல் காப்புரிமை பெற்ற முன்னெரி அறை. அதில் எரிபொருளின் ஒரு பகுதி முதலில் பற்றி, அந்த அழுத்தமே மீதியைச் சிறு துளைகள் வழியாகச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது; அதனால் காற்றழுத்தி தேவையில்லை. காக்கி புக்கிட் பகுதியில் ஒரு பழைய லாரியின் சிலிண்டர் தலையைக் கழற்றியபோது, கரி படிந்த அத்துளைகளை மெல்லிய கம்பியால் நானே சுத்தம் செய்திருக்கிறேன்.

பென்ஸ் நிறுவனம் நான்கு சிலிண்டரும் 50 குதிரைத்திறனும் கொண்ட இயந்திரத்தை லாரியில் ஏற்றிச் சோதித்தது 1923-இல்தான். ரூடால்ஃப் டீசல் மறைந்ததோ 1913-இல். ஆகவே அந்த லாரியை அவர் கண்ணால் கண்டதே இல்லை. பதிவைத் திருத்திவிடும்படி நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.