முடியை விடக் குளிர்தான் படுத்தும்
கீமோ சிகிச்சையின் பக்கவிளைவுகள் பற்றி நான் படித்த கட்டுரை, கீமோ என்றாலே முடி கொட்டும், வாந்தி வரும் என்பதோடு நின்றுவிடுகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும்போது முடி பெரும்பாலும் மெலிவதோடு சரி, படுத்துவது குளிர்தான். மருந்து ஏறிய சில நாட்களுக்கு ஃபிரிட்ஜில் கை வைத்தாலே விரல் சுரீரென்னும், ஐஸ் தண்ணீர் தொண்டையை அடைப்பது போலிருக்கும். வெதுவெதுப்பாகக் குடித்து, கையுறை போட்டால் சமாளிக்கலாம். அடுத்த சுற்று வரும்வரை விரல் மரத்தே இருந்தால் அது வேறு விஷயம், நரம்பு பாதிப்பு சேர்ந்துகொண்டே போகிறது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார்கள், அல்லது அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்துவார்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், கீமோ எடுக்கும்போது காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்கிறார். கூடவே கூடாது! 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்து தொற்று ஏறியிருக்கலாம், மாத்திரை அதை மறைத்துவிடும். நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.