மழைக்கோட்டுக்குள்ளேயும் ஈரம்

மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போய்விடும் என்று சொல்லி மழைக்கோட்டு விற்கிறார்கள். இந்தியப் பெருங்கடல் தீவான ரியூனியனில் அது நடக்கிற காரியமா? சிலாவோஸ் ஊரிலிருந்து 3,070 மீட்டர் பித்தோன் தெ நேழ் சிகரத்துக்கு ஏறுங்கள். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மழையல்ல, வியர்வை. துணிக்குள் இருக்கும் சவ்வு வழியாக நீராவி வெளியேற, வெளிக்காற்று உலர்ந்திருக்க வேண்டும். 1966-இல் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டி உலக சாதனை படைத்த தீவு இது. உலர்ந்த காற்றுக்கு எங்கே போவது? அப்புறம், தண்ணீரை ஒட்டவிடாத மேல்பூச்சு தேய்ந்ததும் பையின் வார் அழுத்தும் தோள்பட்டையில் துணி தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். ஊன்றுகோலைத் தூக்கினால் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை சில்லென்று ஓடும். இவ்வளவு விலை வாங்குகிறவர்கள் அக்குளில் ஒரு ஜிப்பாவது வைத்துத் தைக்கக் கூடாதா?