ஈஸ்ட்ரோஜனுக்கு அந்த அம்புக்குறி வேண்டாம்

ஸ்டீராய்டு ஹார்மோன் பாடம் என்றாலே ஒரே படம்தான். ஹார்மோன் செல்லுக்குள் நுழையும், உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் காத்திருக்கும் ஏற்பியோடு (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) சேரும், இரண்டும் உட்கருவுக்குள் போகும். நடுவில் அழகாக ஓர் அம்புக்குறி. மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலுக்கு இது சரி. ஈஸ்ட்ரோஜனுக்கும் இன்னமும் அதே அம்பைப் போட்டுச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

அம்பு எங்கிருந்து வந்தது? 1968இல் எல்வுட் ஜென்சன் குழுவும் ஜாக் கோர்ஸ்கி குழுவும் தனித்தனியாக முன்வைத்த கருத்து அது. எலியின் கருப்பைத் திசுவை அரைத்து, வேகமாகச் சுழற்றிப் பிரித்தார்கள். ஹார்மோன் படாத திசுவில் ஏற்பி கரைசலில், அதாவது சைட்டோபிளாசம் என்று எண்ணிய பகுதியில், கிடைத்தது, பட்ட திசுவில் உட்கருப் பகுதியில் கிடைத்தது. ஆக, ஏற்பி இடம் மாறுகிறது என்றார்கள். அன்றைக்கு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் ஹார்மோன் சேராத ஏற்பிக்கு உட்கருவில் பிடிப்பு குறைவு. செல்லை உடைத்ததுமே கசிந்து வெளியே வந்துவிடும். வீட்டை இடித்துவிட்டு, தெருவில் கிடக்கும் பாத்திரத்தைப் பார்த்து சமையலறை தெருவில்தான் இருந்தது என்று சொன்ன கதை.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். 1984இல் நேச்சர் இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள். ஒன்றில் கிங், கிரீன் இருவரும் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியால் அது இருக்கும் இடத்தைக் கண்டார்கள். கிரீன், ஜென்சனோடு வேலை செய்தவர். இன்னொன்று சாட்சாத் கோர்ஸ்கி குழுவுடையது. அரைப்பதை விட்டுவிட்டு, மருந்து கொடுத்து செல்லிலிருந்து உட்கருவை முழுதாகப் பிரித்தெடுத்தார்கள். இரண்டிலும் ஒரே விடை: ஹார்மோன் இல்லாதபோதும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பெரும்பாலும் உட்கருவில்தான் இருக்கிறது. 16 வருடம் முன்பு தான் சொன்னதைத் தானே திருத்திக்கொண்ட மனிதர், கோர்ஸ்கி!

கார்டிசால் ஏற்பியோ உண்மையிலேயே பயணி. ஹெச்எஸ்பி90 போன்ற துணைப் புரதங்களோடு உட்கருவுக்கு வெளியே இருக்கும். ஹார்மோன் வந்தால் அரை மணிக்குள் பெரும்பகுதி உள்ளே போய்விடும். ஒளிரும் புரதத்தை ஏற்பியோடு ஒட்டவைத்த பிறகு, உயிருள்ள செல்லில் இதை நேராகவே பார்க்க முடிந்தது.

உட்கருவுக்குள் போன ஏற்பி அங்குள்ள டிஎன்ஏவில் அசையாமல் உட்கார்ந்துவிடும் என்றுதான் பலரும் நம்பினார்கள். 2000இல் அதுவும் போயிற்று. ஒரு புள்ளியில் குவிந்திருந்த ஏற்பிகளின் ஒளியை லேசரால் அழித்துப் பார்த்தார்கள். சில நொடிகளிலேயே ஒளி திரும்பியது. பழையவை விலக, புதியவை வந்து உட்கார்ந்தபடியே இருக்கின்றன.

ஒரே படத்தில் இத்தனையும் எப்படி வரும் என்று கேட்பீர்கள். சரி, இரண்டு படமாகப் போடுங்கள். அப்புறம், ஈஸ்ட்ரோஜன் படத்தில் ஏற்பியை முதலிலேயே உட்கருவுக்குள் வரைந்துவிடுங்கள்.